படி தாண்டிய பெட்டை மீன்

எங்கள் வாய்க்காலில் ஒரு சண்டை மீனின் குணத்தைச் சொன்னால் அது எந்த வீட்டு மீன் என்று நான் சொல்லிவிடுவேன். முப்பது வருஷமாக வீடு வீடாகப் படகில் போய் மீன் தீனி ஊற்றுகிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? விடியும்போது பன்றிப் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் குட்டைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, துணி வலையால் சிவப்புத் தண்ணீர்ப்பூச்சியை அள்ளி, மூன்று முறை அலசி, வாளிகளில் நிரப்பிக்கொண்டு கிளம்புவேன். பிரயோங் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஊருக்கு நான் பூச்சிக்காரிதான்.

பாலத்தடி வீட்டு மீன் வாலை விரித்து அழகு காட்டும். பக்கத்துப் பாட்டிலில் இருப்பவன் முறைத்தால் மூலைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். விகாரைக்குப் பக்கத்து வீட்டு மீன் முதல் நாள் புலி, மூன்றாம் நாள் அதற்குச் சண்டையே மறந்துபோயிருக்கும். ஆனால் புன்லூ வீட்டு மீன் வேறு ரகம். கறுநீல உடம்பு, செவுள் ஓரத்தில் மட்டும் சிவப்பு. பாட்டிலுக்கு வெளியே விரலை வைத்தால் போதும், செவுளை விரித்து, தாடையை உப்பி, கண்ணாடியை மூக்கால் இடிக்கும். விரல் எடுத்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் கோபம் ஆறாது.

அவன் வீட்டில் அறுநூறு பாட்டில்கள் பலகைகளில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவே ஒரு காகித அட்டை. காலையில் பத்து நிமிஷம் அந்த அட்டைகளை உருவிவிடுவார்கள். அறுநூறு மீனும் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சீறும். உடற்பயிற்சி முடிந்ததும் அட்டையைச் செருகிவிட வேண்டும். செருக மறந்தால் சீறிச் சீறி அலுத்துப்போய், பக்கத்தில் இருப்பவனோடு பழகிப்போய், அப்புறம் எதற்கும் சீறாது. அட்டை செருகும் வேலை அவன் மனைவி சம்ருவாயுடையது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செருகுவாள், ஒன்றைக்கூட விடமாட்டாள்.

இந்தப் பக்கத்து வளர்ப்பாளர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆண் மீன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பாங்காக்குக்குப் போகலாம், கப்பலேறிப் போகலாம். பெட்டை மட்டும் வீட்டை விட்டு வெளியே போகாது. நிறம் அப்பனிடமிருந்து வரும், நெஞ்சுரம் அம்மாவிடமிருந்து வரும் என்பது இவர்கள் கணக்கு. பெட்டை போனால் வம்சமே கூடப் போய்விட்டது என்று அர்த்தம். பிக்கு வந்து கேட்டாலும் கும்பிட்டுவிட்டு மறுத்துவிடுவார்கள்.

இத்தனை கறாரான புன்லூ போன ஜூலையில் என்ன செய்தான் என்றால், தன் மச்சானுக்கு ஒரு பெட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதுவும் ஊரைக் கூட்டி, தட்டில் வைத்து, மேலே மஞ்சள் துணி போர்த்தி.

மச்சான் என்றால் சம்ருவாயின் அண்ணன் தாவின். வாய்க்காலின் மேல்முனையில் வீடு. அவரும் மீன் வளர்ப்பவர். சம்ருவாயைக் கட்டிக்கொடுத்த வருஷம் மாப்பிள்ளை புன்லூ ஆசையாகப் போய், "ஒரு ஜோடி குடுங்க மச்சான், நானும் தொழில ஆரம்பிக்கிறேன்" என்று கேட்டான். தாவின் சிரித்துக்கொண்டே ஒற்றை ஆணை மட்டும் கொடுத்து அனுப்பினார். ஆண் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? அந்தச் சிரிப்பு புன்லூவுக்கு இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் முள்ளாக நின்றது. வேறு எங்கெங்கோ அலைந்து ஒரு பெட்டையைத் தேடிப் பிடித்து, அதன் வழியில் இந்தக் கறுநீல வம்சத்தை உண்டாக்கினான். இன்றைக்குத் தாவின் வீட்டு மீன் சாதுவாகக் கிடக்கிறது, புன்லூ வீட்டு மீனுக்கு ஆள் தேடி வருகிறார்கள்.

ஜூலையில் தாவினின் மகன் மழைக்காலம் முடியும்வரை பிக்குவாக இருக்கக் காவி உடுத்தினான். விருந்துக்கு ஊரே வந்திருந்தது. பந்தலில் பாட்டு, பந்தலுக்கு வெளியே மழை. மாட்டுக்கறிக் குழம்பில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தேன் நான். அப்போதுதான் புன்லூ எழுந்தான்.

"மச்சான், உங்க வீட்டு விசேஷத்துக்கு என் வீட்டுல இருந்து ஒரு மீன். மூணு மாசக் குட்டி. பேரு தலைவர். இந்த ஈட்டுக் குஞ்சுங்கள்ல இவனை மாதிரி முரடன் கெடையாது. ஒத்த ஆண் மச்சான். உங்க வீட்டு வழக்கப்படியே ஒத்த ஆண்!"

எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த கிழடுகள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். தாவின் துணியை விலக்கி, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைவர் உள்ளேயிருந்து அவர் மூக்கைப் பார்த்துச் சீறியது.

"உனக்கு ரொம்பப் பெரிய மனசு மாப்பிள்ளை" என்றார் தாவின். புன்லூ அன்று தரையில் கால் படாமல் வீட்டுக்குப் போனான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தாவின் வீட்டுப் படித்துறையில் படகைக் கட்டிவிட்டுப் பூச்சி ஊற்றப் போனேன். தலைவரின் பாட்டிலைத் திண்டில் வெயிலுக்கு வைத்திருந்தார் அவர். நான் குனிந்தேன். சீறிக்கொண்டு வந்தது. வயிறு உப்பியிருந்தது. உடம்பில் குறுக்கே வெளிறிய கோடுகள். அடிவயிற்றில், துடுப்புக்கு நடுவில், கடுகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டை வரும் வழி அது. எந்த ஆணுக்கும் அது இருக்காது.

"எப்படி இருக்கான் என் பையன்?" என்று பின்னாலிருந்து கேட்டார் தாவின். கையில் பல்துலக்கும் பிரஷ்.

"நல்லா இருக்கான் அண்ணே. கொஞ்சம் பெருத்துட்டான்" என்றேன். பார்வை மங்கின மனுஷன், இவருக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அங்கே இரண்டு கரண்டி பூச்சி அதிகமாகவே ஊற்றிவிட்டு நேராகப் புன்லூ வீட்டுக்குப் படகை விட்டேன்.

புன்லூ கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள உப்பு முட்டையும் வறுத்த கருவாடும். சம்ருவாய் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு பாட்டில்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, தீனிய ஊத்தாம நின்னு முழிக்கிற?" என்றான்.

"நீ கஞ்சிய முடி. அப்புறம் சொல்றேன்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நீ குடி."

"நீ இப்படிச் சொன்னா எனக்குக் கஞ்சி எறங்குமா? சொல்லித் தொலை."

"உங்க மச்சான் வீட்டுல தலைவரைப் பாத்தேன். வயிறு பெருத்திருக்கு."

"தின்னுருப்பான். எங்க வீட்டுப் புள்ள, எங்க போனாலும் நல்லாத் தின்னுவான்."

"அடிவயித்துல வெள்ளப் புள்ளி புன்லூ."

கரண்டி பாதி வழியில் நின்றது. சம்ருவாய் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நிற்க முடியாமல் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

"சிரிக்காத" என்றான் புன்லூ.

"வெளிச்சத்துல வெச்சு ஒரு தடவ பாருங்கன்னு நான் சொல்லல? அன்னைக்கு என்ன சொன்னீங்க? இப்போ அக்கா முன்னாடி சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்லல."

"நான் சொல்றேங்க்கா. 'இந்தக் கோவத்தோட ஒரு பெட்டை இருக்க முடியுமாடி'ன்னு கேட்டாரு. என்கூட இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்திட்டு ஒரு மனுஷன் கேக்குற கேள்வியா இது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் புன்லூவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். அங்கே சிமெண்டுத் தொட்டியில் அந்த ஈட்டுப் பெட்டைகள் பதினொன்று இருந்தன. தொட்டிக்குள் விரலை விட்டான். ஒன்றும் சீறவில்லை. தீனி என்று நினைத்து மெதுவாக வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

"மூணு வாரமா மண்டைய ஒடச்சுக்கிட்டேன்க்கா. இந்த ஈட்டுல ஒரு பெட்டைக்கும் உரம் இல்லையேன்னு. எல்லாக் கோவத்தையும் அவ ஒருத்தியே எடுத்துக்கிட்டா. நான் அவளையே தட்டுல வெச்சுக் குடுத்துட்டு வந்துருக்கேன்."

"தாய் மீன் இருக்குல்ல?"

"எங்க இருக்கு? புத்தாண்டு வெயில்ல போயிடுச்சு. இதுதான் அதோட கடைசி ஈடு. தலைவர் இல்லேன்னா, இன்னும் மூணு தலைமுறையில நம்ம மீனும் பாலத்தடி வீட்டு மீன் மாதிரி மூலையில போய்ப் படுத்துக்கும்."

அவன் சொன்னது மிகையில்லை. அந்த வீட்டுக்குச் சோறு போடுவது அந்த மீனின் கோபம்தான். நிறம் நிறைய வீட்டில் இருக்கிறது.

"அதுக்கென்ன, அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிடலாம்" என்றாள் சம்ருவாய்.

"கேக்குறதா? இத்தனை வருஷம் மீன் வளக்குறவன், ஆணுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாமக் குடுத்துட்டேன்னு கேக்குறதா? உங்கண்ணன் வாய்க்கால் முழுக்கத் தண்டோரா போடுவாரு. அதுவும் ஊரு நடுவுல 'ஒத்த ஆண், ஒத்த ஆண்'னு நான் கத்துன கத்துக்கு!"

"அப்போ கத்தாம இருந்துருக்கணும்."

"அவருக்கு இன்னும் தெரியாது. தெரியறதுக்குள்ள எடுத்துடணும். அக்கா, நீ போயி, அந்த ஈட்டுக்கே நோவு வந்துடுச்சு, அத அனுப்புங்க, வேற நல்ல ஆண் தர்றாராம்னு சொல்லு."

எனக்கு எதற்கு இந்த வேலை? இருந்தாலும் மறுநாள் போய்ச் சொன்னேன். தாவின் முழுசையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நோவா? ரெண்டு ஆளு தீனி தின்னுது. நோவுக்காரன் இப்படியா தின்னுவான்?"

"உள்ளுக்குள்ள இருக்குமாம் அண்ணே."

"அப்போ மாப்பிள்ளையவே வந்து பாக்கச் சொல்லு பிரயோங். மேல்முனைக்கு வர அவனுக்கு வழி தெரியும்ல? நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்."

புன்லூ போகவில்லை. அடுத்து சம்ருவாயைக் கிளப்பினான். ஒரு தூக்கு நிறைய விரால் மீன் போட்ட புளிக்குழம்பு, கூனி இறாலும் மிளகாயும் இடித்த துவையல், துணிப்பைக்குள் ஒரு பாட்டிலில் அதே கறுநீலத்தில் நிஜமான ஆண் ஒன்று. அண்ணன் கை கழுவப் போகும்போது மாற்றிவிட வேண்டும் என்பது திட்டம். சாயங்காலம் திரும்பி வந்தாள். தூக்கு காலி. பைக்குள் போன மீன் போனபடியே இருந்தது.

"என்னடி ஆச்சு?"

"பாட்டில் பக்கத்துலயே ஒக்காந்து சாப்பிட்டாரு. கை கழுவப் போகவே இல்ல. இலையிலேயே தொடச்சுக்கிட்டாரு. 'உன் புருஷன் நல்லா இருக்கானா, ஏன் இந்தப் பக்கமே காணோம்'னு நாலு தடவ கேட்டாரு. குழம்புல உப்பு கம்மின்னாரு. மொத்தத்தையும் குடிச்சிட்டு."

"ஏதாவது சந்தேகம்?"

"யாருக்குத் தெரியும்? அவரு மூஞ்சிய வெச்சு எங்கம்மாவாலயே ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

அந்த வாரம் முழுக்கப் புன்லூ சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றும்போது இரண்டு முறை மீனைத் தரையில் சிந்திவிட்டான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, போய் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு இப்படி உருகுகிறானே என்று எரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தாவின் வீட்டுக்குப் போனபோது திண்டில் பாட்டில் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின், மேலே மூங்கில் தட்டு கவிழ்த்திருந்தது. தாவின், பிக்குவான மகனுக்குப் பிச்சை உணவு கொடுக்க அடுக்குப் பாத்திரத்தோடு விகாரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா நட. உள்ள ஜோடி விட்டிருக்கேன்" என்று கிசுகிசுத்தார். "ரெண்டு நாள் பாட்டில்ல வெச்சு ஒண்ணுக்கொண்ணு காட்டுனேன். நேத்து சாயங்காலம்தான் தொறந்து விட்டேன்."

"யாரை அண்ணே?"

"உன் வேலைய நீ பாரு" என்று சிரித்துவிட்டுப் படகில் ஏறினார்.

அன்று பாதி வீடுகளுக்கு நான் பூச்சி ஊற்றவில்லை. நேராகக் கீழே வந்தேன். "புன்லூ! ஜோடி விட்டாச்சுடா!" என்று படகிலிருந்தே கத்தினேன். அவன் சட்டைகூடப் போடாமல், சின்ன வலை ஒரு கையில், மாற்று ஆண் இருந்த பாட்டில் ஒரு கையில், என் படகில் குதித்தான். வாளி சாய்ந்து பூச்சியெல்லாம் என் கால்மேல் ஊற்றிக்கொண்டது.

"யாரோட விட்டிருக்காரு? ஆணோடயா, பெட்டையோடயா?"

"சொல்ல மாட்டேங்குறாரு."

"ஆணுன்னு நெனச்சுப் பெட்டையோட விட்டிருந்தா, இவ அதக் கிழிச்சுப் போட்டுருப்பா. பேசாம தூக்கிட்டு வந்துடலாம். ஆணோட விட்டிருந்தா நம்ம வம்சமே அவரு வீட்டுக்குப் போயிடும்." படகு விளிம்பைத் தட்டினான். "வேகமா போக்கா."

"இது என்ன விமானமா?"

தாவின் வீட்டில் யாரும் இல்லை. அவர் மனைவி பம்பளிமாஸ் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். புன்லூ பேசின் முன்னால் மண்டியிட்டு மூங்கில் தட்டின் ஓரத்தை விரலளவு தூக்கினான். நானும் தலையை நீட்டினேன்.

தண்ணீரின் மேல் ஒரு காய்ந்த வாதாம் இலை மிதந்தது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நுரைக்கூடு. நுரையெங்கும் ரவை தூவினதுபோல முட்டை. தாவின் வீட்டு ஆண், சிவப்பு, அந்தச் சாதுப் பயல்தான், கூட்டுக்குக் கீழே நின்று விழுகிற முட்டையை வாயால் பிடித்துப் பிடித்து நுரைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே திரும்பிப் பாய்ந்து மூலைக்குப் போய் ஒரு கடி கடித்துவிட்டு வந்தது. மூலையில் தலைவர். வால் கிழிந்து நாராகத் தொங்கியது. ஒரு பக்கத் துடுப்பே இல்லை. முட்டை போட்டு முடிந்ததும் பெட்டையை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் ஆண் கொன்றுவிடும். தாவின் விகாரையில் தாமதித்துவிட்டார். ஆனாலும் அந்தக் கிழிசலோடு அவள் செவுளை விரித்துச் சீறிக்கொண்டுதான் இருந்தாள்.

"எத்தனை முட்டை பாத்தியாக்கா" என்றான் புன்லூ.

பேசின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆண் மிரண்டு அத்தனை முட்டையையும் தின்றுவிடும். பெட்டையை எடுத்துக்கொண்டு போய்விடலாம், ஒரு தடயம் இருக்காது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வலையோடு அவன் கை பேசின் மேல் நின்றது. நான் அந்தக் கையையே பார்த்தேன்.

கை இறங்கியது. தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. பாசியைத் தூக்குவதுபோலத் தலைவரைத் தூக்கி, பக்கத்தில் தாவின் தயாராக வைத்திருந்த வாதாம் இலை ஊறிய தண்ணீர் பாட்டிலில் விட்டான். தட்டைப் பழையபடி மூடினான். எழுந்து போவான் என்று பார்த்தால் அங்கேயே நிற்கிறான். கூரைச் சந்து வழியாக வெயில் பேசின் மேல் விழ ஆரம்பித்திருந்தது.

"சூடாயிடும்க்கா. அந்த வாழையில ஒரு எலை அறுத்துட்டு வா. சத்தம் போடாம."

அறுத்துக் கொடுத்தேன். அவன் அதை வெயிலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஒரு நாய் வந்து குரைக்க வாயெடுத்தது. அதைப் பார்த்து அவன் முழித்த முழியில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இப்படியே கால் மணி நேரம். தாவின் படியேறி வந்தபோது பார்த்தது, சட்டையில்லாத மாப்பிள்ளை வாழையிலையும் கையுமாகத் தன் தாழ்வாரத்தில் நிற்பதைத்தான்.

"திருடவா வந்த?" என்றார் தாவின். முட்டை இருப்பதால் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

"திருட வந்தவன் நெழல் புடிச்சுக்கிட்டு நிப்பானா?" இவனும் கிசுகிசுப்பாக. "பெட்டைய எப்போ எடுக்குறது? இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா செத்துருக்கும்! விகாரையில போயி என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஓ, பெட்டையா அது? ஒத்த ஆணுன்னு சொன்னாங்களே."

புன்லூவின் காது சிவந்துவிட்டது. "எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நீ குடுத்த அன்னைக்கே. பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேனே, எதுக்குன்னு நெனச்ச? சாமி கும்பிடவா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல? மூணு வாரம் திண்டுமேலயே வெச்சிருந்தேன். பூச்சிக்காரிய அனுப்புற, பொண்டாட்டிய அனுப்புற. ஒரு தடவ வந்து, 'மச்சான், தப்பு நடந்து போச்சு'ன்னு சொல்லியிருந்தா பாட்டிலோட குடுத்திருப்பேன்."

"குடுப்ப! ஜோடி கேட்டு வந்தவனுக்கு ஒத்த ஆணக் குடுத்துட்டுச் சிரிச்சவன் நீ!"

"மெதுவாப் பேசுடா!"

"மெதுவாத்தான் பேசுறேன்!" பற்களுக்கு நடுவே காற்று மட்டும் வந்தது. இரண்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. முகத்தை மட்டும் பார்த்தால் கொலை விழப்போகிறது என்று தோன்றும், காதில் கேட்பது கொசு ரீங்காரம்.

"அப்போ என்கிட்ட இருந்ததே அதுதான்டா" என்றார் தாவின். "அந்த வருஷ வெள்ளத்துல எங்க தொட்டி முழுகிப் பெட்டை அத்தனையும் ஆத்தோட போயிடுச்சு. பாட்டில்ல இருந்த ஆணுங்கதான் மிச்சம். தங்கச்சி புருஷன் மொத மொதலா ஒண்ணு கேட்டு வந்து நிக்கிறான். எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்றது? இருக்குறதக் குடுத்துட்டுச் சிரிச்சு மழுப்புனேன். அதுக்கப்புறம் என் வீட்டுல மீனுக்கு உரமே வரல. நீதான் பாக்குறியே."

வாழையிலை தாழ்ந்தது. "இத ஏன் ஒரு வார்த்த சொல்லல மச்சான்?" என்றான் புன்லூ.

"நீ மட்டும் சொல்லிட்டியாக்கும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த இரண்டு முட்டாள்களும் ஒரே விஷயத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரே வாய்க்காலின் இரண்டு முனையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எடுத்துட்டுப் போ. உன் பெட்டை" என்று தாவின் பாட்டிலை நீட்டினார்.

புன்லூ வாங்கிப் பார்த்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு திரும்பத் திண்டின் நிழலில் வைத்தான்.

"இப்போ படகுல ஆட்டி அசச்சா செத்துப்போயிடும். பத்து நாளு நகத்தக் கூடாது. கல்லுப்பு இருக்கா வீட்டுல? ரெண்டு பரல் போடணும். தண்ணிய நான் வந்து மாத்துறேன், நீங்க கைய வெக்காதீங்க."

"தெனமும் வருவியா?"

"பெட்டைக்காக வர்றேன்."

"சரி, பெட்டைக்காகவே வா. தீனி நேரத்துக்கு வந்தா கஞ்சியும் இருக்கும்."

அந்த நேரம் பார்த்து வாய்க்காலிலிருந்து ஒரு குரல். சம்ருவாய் அடுத்த வீட்டுப் படகை வாங்கிக்கொண்டு தானே துடுப்புப் போட்டு வந்திருந்தாள். "அக்கா! கெடச்சுதா? எங்கண்ணன் இருக்காரா இல்லையா?" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினாள்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே சமயத்தில் திரும்பி, ஒரே மாதிரி விரலை உதட்டில் வைத்து, "உஷ்ஷ்!" என்றார்கள்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை நடை நடந்து வந்தாள். தட்டைத் தூக்கி நுரையைப் பார்த்தாள், கிழிந்துபோன தலைவரைப் பார்த்தாள், ஆண்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"குஞ்சுல பெட்டைய ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கலாம்" என்று கிசுகிசுத்தான் புன்லூ, தாராளமாக. பெட்டை வெளியே போகாது என்ற கட்டுப்பாட்டை அவன் வாயாலேயே உடைத்தது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ.

"பிரிக்கலாம்" என்றார் தாவின். "மூணு மாசம் ஆனதும் எது ஆணு, எது பெட்டைன்னு யாரு பாத்துச் சொல்றது? நீயா?"

சம்ருவாய் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாவினின் தோள் குலுங்க ஆரம்பித்தது. புன்லூ முறைத்தான். உதட்டைக் கடித்தான். கன்னம் உப்பியது, கண்ணில் நீர் கட்டியது, இனி அடக்க முடியாது என்று தெரிந்ததும் வாழையிலையை என் கையில் திணித்துவிட்டு, கால்விரல் நுனியில் படித்துறைக்கு ஓடினான். பலகையின் கடைசி வரைக்கும் போய், பேசினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்து வெடித்துச் சிரித்தான். பின்னாலேயே தாவினும் ஓடினார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அக்கரை வரைக்கும் கேட்கச் சிரித்தார்கள். வெயில் முழுசாக ஏறிவிட்டது. யாராவது நிழல் பிடிக்க வேண்டுமே என்று நான் மட்டும் வாழையிலையோடு அங்கேயே நின்றேன்.